தூரத்தை எண்ணும் சக்கரம்

1847ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள். வட அமெரிக்காவில் பிளாட் என்னும் ஆற்றின் ஓரமாகக் கூண்டு வண்டிகள் பல வரிசையாக மேற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. புதிய குடியிருப்பைத் தேடிப் புறப்பட்ட மார்மன் மக்களின் முன்னணிக் கூட்டம் அது. அன்று எத்தனை மைல் வந்தோம் என்று கேட்டால் ஒருவர் பதின்மூன்று என்பார். மற்றொருவர் பதினான்கு என்பார். அக்கூட்டத்தில் எழுத்தராக இருந்த வில்லியம் கிளேட்டனுக்கு இவ்வாறு உத்தேசமாகப் பேசுவதில் மனநிறைவு ஏற்படவில்லை. அவர் ஒரு வண்டிச் சக்கரத்தின் சுற்றளவை அளந்து பார்த்தார். 14 அடி 8 அங்குலம் இருந்தது. அப்படியானால் அச்சக்கரம் 360 முறை சுற்றினால் ஒரு மைல். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அன்று நாள் முழுவதும் அச்சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்து, அது சுற்றுவதை ஒவ்வொன்றாக எண்ணினார். மாலையில் அவர் கண்ட எண் 4,070. அதாவது பதினொன்றே கால் மைலும், அதற்கு மேல் இருபது சுற்றும்! வண்டியில் அமர்ந்து மதிப்பிட்டவர்கள் இரண்டு, மூன்று மைல் மிகையாகச் சொல்லியிருந்தார்கள்.

சக்கரத்தோடு நடந்து நடந்து ஆயிரக்கணக்கில் எண்ணுவது மனிதன் செய்யத்தக்க வேலை அன்று. கிளேட்டன் அதனை ஓரிரு நாளிலேயே உணர்ந்தார். அக்கூட்டத்தில் இருந்த ஆர்சன் பிராட் என்னும் கணித அறிஞர் ஒரு பொறிக்கு வழி வகுத்துக் கொடுத்தார். ஆப்பில்டன் ஹார்மன் என்னும் தச்சர் அதனை மரத்தாலேயே செய்து முடித்தார். வண்டிச் சக்கரம் ஆறு முறை சுற்றினால் ஒரு திருகு ஒரு முறை சுற்றும். அத்திருகு அறுபது பற்களுடைய சக்கரத்தில் ஒரு பல்லைத் தள்ளும். ஆறு அறுபது முந்நூற்றறுபது. பற்சக்கரம் ஒரு முறை சுற்றியதும் ஒரு மைல்! அவ்வாறு எண்ணிக் கிடைத்த தூரங்களைக் கொண்டு கிளேட்டன் 1848இல் வழிப்பயணிகளுக்கான கையேடு ஒன்றை அச்சிட்டார். பின்னர் அவ்வழியே சென்றவர்கள், அடுத்த நீர்நிலை எத்தனை மைலில் உள்ளது என்பதை அதைப் பார்த்து அறிந்துகொண்டார்கள்.

மாணவ நண்பர்களே, மோட்டார்க் காரில் ஓட்டுநரின் கண்ணெதிரே, வேகத்தைக் காட்டும் முள்ளுக்குக் கீழே, சிறு சன்னலில் எண்கள் வரிசையாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். ஓடோமீட்டர் என்பது அதன் பெயர். நாம் தூரமானி என்று சொல்லிக்கொள்வோம். இக்காலப் புதிய கார்களில் அது மின்னணுக் கருவியாகிவிட்டது. பழைய கார்களில் அது முழுக்க முழுக்கப் பல்லும் திருகும் உருளையுமாகிய யந்திரம். பழைய யந்திரம் ஆகையால் அடிக்கடி நின்றுபோகும். நின்றால் எங்கே தேடுவது? இக்கேள்விக்கு அக்கருவியின் சரித்திரமே நல்ல விடை தரும் என்பது என் கருத்து. கிளேட்டனின் கதை அச்சரித்திரத்தின் தொடக்கமும் அன்று, நடுவும் அன்று. அவருக்கு ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அதே வேலையை ரோமர்கள் செய்திருக்கிறார்கள்.

ரோமானியச் சிற்ப நூலாசிரியர் விட்ரூவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய பத்துப் பகுதிகள் கொண்ட பெருநூலின் இறுதிப் பகுதியில் தூரம் அளக்கும் வண்டியொன்றை வருணிக்கிறார். அவர் அதனைத் தம் கண்டுபிடிப்பு என்று சொல்லவில்லை. முன்னோர் விட்டுச்சென்றது என்றே சொல்கிறார். வண்டிச் சக்கரத்தின் சுற்றளவு பன்னிரண்டரை ரோமானிய அடி. சக்கரத்தின் குடத்தோடு ஒரே ஒரு பல்லுடைய வட்டு சுழல்கிறது. அந்த ஒற்றைப் பல், நானூறு பற்களுடைய பெரிய வட்டு ஒன்றைச் சுற்றுக்கு ஒரு பல் வீதம் நகர்த்துகிறது. நானூறு சுற்றுக்கு ஐயாயிரம் அடி. அதுவே ரோமானிய மைல். பெரிய வட்டு ஒரு முறை சுற்றி முடிந்ததும், மேலே துளைகளில் வைத்திருக்கும் உருண்டைக் கற்களுள் ஒன்று குழாய் வழியே வெண்கலப் பாத்திரத்தில் 'டங்' என்று விழும். மாலையில் பாத்திரத்தில் உள்ள கற்களை எண்ணினால் அன்றைய மைல்கள் தெரிந்துவிடும்.

படிப்பதற்கு மிக எளிதாக இருக்கிறது. ஆனால் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. லியோனார்டோ டா வின்சி இதனை வரைந்து பார்த்தார். சதுரமான பற்களை வைத்து வரைந்ததால், அவர் வரைந்தபடி அது ஓடாது என்று பிற்காலத்தவர் முடிவு செய்தார்கள். நானூறு பற்களை ஒரு வட்டில் வெட்டினால் ஒவ்வொரு பல்லும் மிகச் சிறியதாகிவிடும். ஒற்றைப் பல் வந்து தள்ளும்போது ஒரு பல்தான் நகர வேண்டும்; இரண்டு நகர்ந்தால் கணக்குக் கெட்டது, நகராமல் வழுக்கினாலும் கணக்குக் கெட்டது. 1901இல் கிரேக்க நாட்டு ஆண்டிகிதீரா தீவருகே கடலடியிலிருந்து எடுக்கப்பட்ட பழங்கால வானியல் பொறியில் முக்கோணமான கூரிய பற்கள் காணப்பட்டன. அவ்வகைப் பற்களை வைத்தால் விட்ரூவியஸின் வண்டி ஓடும் என்று ஆந்த்ரே ஸ்லீஸ்விக் என்னும் டச்சு அறிஞர் மாதிரி ஒன்றைச் செய்தே காட்டி, 1981இல் அதனைப் பற்றி எழுதினார். ஒரு பல்லின் வடிவத்தில் ஒரு கருவியின் உயிர் இருக்கிறது! இதனை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய காரின் தூரமானிக்குள் நாம் நுழையும்போது இதே பல்லை மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

ரோமில் கல் விழுந்தது என்றால், சீனத்தில் முரசு ஒலித்தது. அந்நாட்டில் 'லீ' என்பது தூர அளவு. ஒவ்வொரு லீ தூரத்திற்கும் மரப்பாவை ஒன்று முரசை அடிக்கும் வண்டி அங்கே அரசர் ஊர்வலங்களில் சென்றது. சுங் வமிச காலத்தில், 1027இல், லூ தாவ்லுங் என்பவர் செய்த வண்டியின் அளவுகளைச் சீன வரலாற்று நூல் பல் எண்ணிக்கையோடு குறித்து வைத்திருக்கிறது. 18 பல் சக்கரம் 54 பல் சக்கரத்தைச் சுற்றும். அதனோடு சேர்ந்த 3 பல் சக்கரம் 100 பல் சக்கரத்தைச் சுற்றும். பெருக்கிப் பாருங்கள்: வண்டிச் சக்கரம் நூறு முறை சுற்றினால் கடைசிச் சக்கரம் ஒரு முறை சுற்றும், அப்போது ஒரு லீ. அதற்கு மேல் 10 பல் சக்கரம் ஒன்று மற்றொரு 100 பல் சக்கரத்தைச் சுற்றும். அது பத்து லீக்கு ஒரு முறை ஒலி எழுப்பும். ஒன்றிலிருந்து பத்து! நம் காரின் எண் உருளைகளும் இதையேதான் செய்கின்றன. தமிழர் தூரத்தைக் 'கூப்பிடு தூரம்' என்று குரலால் அளந்ததும் செவியை நம்பியதுதான்; ஆனால் கூப்பிடுகிறவரின் தொண்டையைப் பொறுத்து அந்த அளவு மாறும், முரசு வண்டியின் அளவு மாறாது.

மாறாது என்று சொன்னேன். எனினும் அதில் ஒரு பிழை உண்டு. அவ்வண்டிச் சக்கரத்தின் விட்டம் 6 அடி, சுற்றளவு 18 அடி என்று நூல் கூறுகிறது. வட்டத்தின் விட்டத்தை மூன்றால் பெருக்கினால் சுற்றளவு என்று அவர்கள் கொண்டார்கள். 6 அடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு உண்மையில் ஏறக்குறைய 18.85 அடி. ஆகவே நூல் சொன்ன அளவிலேயே சக்கரம் செய்யப்பட்டிருந்தால், பற்கள் யாவும் குற்றமின்றி எண்ணியும் ஒவ்வொரு லீயும் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்கு நீண்டிருக்கும். எண்ணும் பொறி சரியாக இருப்பது மட்டும் போதாது. எண்ணப்படும் சக்கரம் எத்தனை அடி என்பதும் சரியாக இருக்க வேண்டும்.

சக்கரம் செல்லாத இடங்களில் மனிதனே சக்கரமாகவும் பல்லாகவும் ஆனதுண்டு. இந்திய நில அளவைத் துறையினர் 1865இல் திபெத்துக்கு மறைவாக அனுப்பிய நயின் சிங் ராவத், ஒரே சீராக அடியெடுத்து வைக்கப் பழகியவர். அவர் கையில் இருந்த செபமாலையில் வழக்கமான 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் பதினாயிரம் அடி. பல நூறு மைல் இவ்வாறு எண்ணி நடந்தவரின் மனவுறுதியை நினைத்தால், காரில் அமர்ந்து பயணம் செய்யும் நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

பல்லால் எண்ணுவதில் மற்றொரு சிக்கல், ஒன்பதுக்குப் பின் வருவது. ஒற்றை எண் ஒன்பதிலிருந்து சுழியத்துக்கு மாறும் அந்தக் கணத்தில் பத்தாம் இடம் ஒன்று கூட வேண்டும். அதற்கு முன்னும் கூடாது, பின்னும் கூடாது. 1642இல் பிரான்சு நாட்டில், வரித்துறை அதிகாரியாகிய தந்தையின் கணக்கு வேலையை எளிதாக்குவதற்காகப் பிளேஸ் பாஸ்கல் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் கூட்டல் பொறி ஒன்றைத் தொடங்கினார். அதில் ஒரு சக்கரம் ஒன்பதை நோக்கிச் சுற்றச் சுற்ற, எடையுள்ள ஒரு சிறு கையை மெல்ல உயர்த்தும். சுழியத்துக்கு மாறும்போது அக்கை விழுந்து அடுத்த சக்கரத்தை ஓர் எண் தள்ளும். தள்ளுவதற்குரிய வலிமையை முன்கூட்டியே சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும் தந்திரம் அது. பல இடங்களில் ஒன்பதுகள் சேர்ந்து நிற்கும்போது ஒரே விரலின் தள்ளலால் அத்தனையும் திரும்ப வேண்டுமே என்ற கவலை பாஸ்கலுக்கு இருந்தது. காரின் தூரமானி செய்தவர்கள் இவ்வளவு கவலைப்படவில்லை. அவர்களுடைய உருளைகளில் எடை இல்லை. ஒவ்வோர் இரண்டு உருளைக்கும் இடையில் சிறு பற்சக்கரம் ஒன்று மட்டும் இருக்கிறது. ஒன்பதுகள் சேர்ந்தால் முழுச் சுமையும் அந்தக் கணத்திலேயே விழும்.

1895இல் அமெரிக்கரான கர்ட்டிஸ் வீடர் சைக்கிளில் பொருத்தும் சிறிய தூரமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1902இல் ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ஸ், காந்தத்தைக் கொண்டு வேகத்தைக் காட்டும் கருவிக்கு உரிமை பெற்றார். இவ்விரண்டும் ஒரே பெட்டியில் குடியேறியதுதான் நம் பழைய காரின் மீட்டர்.

அதன் அமைப்பு இது. கியர்பாக்சின் பின்பகுதியில் ஒரு சிறு பினியன் சக்கரம். அதிலிருந்து முறுக்குக் கம்பியாலான மீட்டர் கேபிள், ஓர் உறைக்குள் சுழன்றுகொண்டே டேஷ்போர்டு வரை வருகிறது. மீட்டருக்குள் அது ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணம் அதனோடு இழுக்கப்பட்டு, மெல்லிய வில்லை எதிர்த்து முள்ளைத் திருப்புகிறது. அதுவே வேகம். அதே காந்தத்தின் தண்டில் ஒரு திருகு வெட்டப்பட்டிருக்கிறது. அலெக்சாந்திரியா நகரத்து ஹீரோ முதல் நூற்றாண்டில் தம் தூரமானிக்கு அமைத்த அதே முடிவில்லாத் திருகு! அது பற்சக்கரங்களைச் சுழற்றி எண் உருளைகளை நகர்த்துகிறது. அதுவே தூரம். முள்ளுக்கும் எண்ணுக்கும் கேபிள் ஒன்றே. மீட்டருக்குள் வந்த பிறகுதான் வழி இரண்டாகப் பிரிகிறது. பழுது பார்ப்பவருக்கு இந்த ஒரு செய்தி பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

நான் வாங்கிய பழைய கார் ஒன்றில் தூரமானி நின்றிருந்தது. 'ஓராண்டாகத்தான் ஓடவில்லை' என்று விற்றவர் சொன்னார். 'மீட்டர் கேபிள் போயிருக்கும். புதிது மாற்றிவிடலாம்' என்று பார்த்தவர்கள் பலரும் சொன்னார்கள். பொறியியல் கல்லூரியில் படிக்கும் என் தமக்கை மகனை அருகில் அமர்த்திக்கொண்டு வண்டியை ஓட்டினேன். முள் ஆடாமல் அசையாமல் வேகத்தைக் காட்டியது. 'மாமா, முள் வேலை செய்கிறதே! அப்படியானால் கேபிளும் கியர்பாக்சும் நன்றாகத்தானே இருக்க வேண்டும்?' என்றான் அவன். சரியான கேள்வி. முள்ளும் எண்ணும் சேர்ந்து நின்றிருந்தால் கேபிளைக் கழற்றி, பின்சக்கரம் சுழலும்போது உட்கம்பி சுழல்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். சுழலவில்லையானால் கம்பி அறுந்திருக்கும், அல்லது கியர்பாக்சின் பினியன் தேய்ந்திருக்கும். முள் நடுங்கினால் கேபிள் எங்கோ ஆறு அங்குல வளைவுக்கும் குறுகலாக மடிந்திருக்கிறது, அல்லது கிரீஸ் இன்றி வறண்டிருக்கிறது என்று கொள்ளலாம். எங்கள் காரில் இவற்றுள் ஒன்றும் இல்லை. பழுது, வழி பிரிந்த இடத்திற்கு அப்பால்தான்.

எண்களைக் கூர்ந்து பார்த்ததும் அடுத்த தடயம் கிடைத்தது. 69,999 என்ற எண் முழுமையாகவும் நிற்கவில்லை; 70,000 ஆகவும் மாறவில்லை. நான்கு ஒன்பதுகளும் பாதி ஏறிச் சன்னலின் நடுவே நின்றன. பாஸ்கல் அஞ்சிய அதே இடம்!

மீட்டரைக் கழற்றித் திறந்தோம். அந்நாளைய ஆங்கிலேய முறைப்படி அமைந்த அந்த மீட்டரில், திருகு ஒரு சக்கரத்தைச் சுற்ற, அதன் மையம் விலகிய முளை ஒரு சிறிய நாக்குத் தகட்டை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. நாக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பற்சக்கரத்தை ஒரே ஒரு பல் தள்ளுகிறது. விட்ரூவியஸின் ஒற்றைப் பல்லேதான் இது. நாங்கள் பார்த்தபோது நாக்கு ஆடிக்கொண்டுதான் இருந்தது, பற்சக்கரம் நகரவில்லை. உருளைகளின் தண்டில் பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகி இறுகியிருந்தது. ஓர் உருளையைத் தள்ளும் வலிமை நாக்குக்கு இருந்தது. ஐந்தையும் ஒருங்கே திருப்பும் வலிமை இல்லை. ஆகவே பல்லின் மேல் வழுக்கிக்கொண்டிருந்தது. வேறு சில வகை மீட்டர்களில், குறிப்பாகப் பிளாஸ்டிக் பற்சக்கரம் உள்ளவற்றில், இவ்விடத்தில் நாக்கு வழுக்காது, பல்லே உடைந்துவிடும். அப்போது சக்கரத்தை மாற்றுவதைத் தவிர வழி இல்லை. எங்களுக்குத் தண்டைத் துடைத்துச் சுத்தம் செய்வதே போதுமானதாக இருந்தது. எண்கள் எழுதிய பரப்பில் பெட்ரோல் படாமல் பார்த்துக்கொண்டோம். பட்டால் வண்ணம் கரைந்து எண்ணே போய்விடும். கடிகார எண்ணெய் தண்டுக்கு ஒரு துளி. அதற்கு மேல் வேண்டியதில்லை.

இவ்வகை மீட்டர்களின் முகத்தில் ஓர் ஓரத்தில் சிறிய எண் ஒன்று அச்சிட்டிருக்கும். எங்களுடையதில் 1,280 என்று இருந்தது. கேபிள் அத்தனை முறை சுழன்றால் ஒரு மைல் என்பது அதன் பொருள். மீட்டரை மேசைமேல் வைத்து, கேபிளின் சிறு துண்டொன்றை மாட்டி, கையால் சுற்றி எண்ணலாம் என்றேன். 'டிரில்லில் மாட்டினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுமே, மாமா' என்றான் மருமகன். முடிந்துவிடும், ஆனால் எத்தனை முறை சுழன்றது என்று டிரில் சொல்லாது. ஆளுக்கு நூறு சுற்றாக மாறி மாறிச் சுற்றினோம். 1,280 ஆகும்போது ஒற்றை உருளை ஒரு எண் நகர்ந்திருந்தது. நான்கு ஒன்பதுகளும் சேர்ந்து கீழிறங்கி 70,000 வந்து நின்றது.

இனி ஒரு கேள்வி எஞ்சியது. நின்றிருந்த காலத்தில் ஓடிய தூரத்தை என்ன செய்வது? 'ஓராண்டுக்குப் பத்தாயிரம் மைல் என்று வைத்து உருளையைத் திருப்பிவிடலாமா?' என்று அவன் கேட்டான். தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. உண்மைக்கு அண்மையில் கொண்டுபோகலாம் என்றே கேட்டான். நான் இசையவில்லை. எஞ்சின் எண்ணெயை எப்போது மாற்றுவது, பெட்ரோல் எவ்வளவு செல்கிறது, வண்டிக்கு என்ன விலை கொடுப்பது என்பனவெல்லாம் அந்த எண்ணை நம்பியே தீர்மானிக்கப்படுகின்றன. அதில் எண்ணப்படாத பத்தாயிரம் மைல் கலந்துவிட்டால், எண்ணியது எது, எண்ணாதது எது என்று பின்னால் எவராலும் பிரிக்க முடியாது. அமெரிக்காவில் 1972இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இதற்கு நல்ல வழி காட்டுகிறது. தூரமானியைப் பின்னோக்கித் திருப்பி ஏமாற்றுவதை அது குற்றமாக்கியது. அதனோடு நில்லாமல், பழுது பார்த்தபின் பழைய எண்ணையே காட்டும்படி அமைக்க முடியவில்லையானால் கருவியைச் சுழியத்தில் வைத்து, பழுதுக்கு முன் இருந்த எண்ணையும் பழுது பார்த்த நாளையும் எழுதி இடப்புறக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும் என்றும் விதித்தது. எங்கள் மீட்டரைச் சுழியத்தில் வைக்கத் தேவை எழவில்லை. '69,999இல் நின்றிருந்தது, விற்றவர் சொற்படி ஓராண்டு' என்று நாளோடு ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினோம். மருமகன் 'விற்றவர் சொற்படி' என்பதன் கீழ்க் கோடிட்டான்.

கருவி எண்ணுகிறது, ஆனால் சரியான தூரத்தைத்தான் எண்ணுகிறதா? சீன வண்டியின் சக்கரம் நினைவிருக்கட்டும். எங்கள் காரின் டயர் புதிதாக இருந்தபோது விட்டம் 26 அங்குலம். சுமையால் டயர் நசுங்குவதை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், ஒரு மைலுக்கு ஏறக்குறைய 776 சுற்று. டயரின் மேற்பரப்பு கால் அங்குலம் தேய்ந்தால் விட்டம் இருபத்தைந்தரை ஆகிறது; சுற்று 791 ஆகிவிடும். பினியனும் கேபிளும் டயர் தேய்ந்ததை அறியமாட்டா. 776 சுற்று முடிந்ததுமே ஒரு மைல் என்று எண்ணிவிடும். நூற்றுக்கு இரண்டு மிகை.

நெடுஞ்சாலையில் கிலோமீட்டர்க் கல்லுக்கு நேரே வண்டியை நிறுத்தி, அங்கிருந்து பத்து மைல் ஓட்டிப் பார்த்தோம். பத்து மைல் என்பது 16.09 கிலோமீட்டர். மீட்டர் பத்தைக் காட்டியபோது நாங்கள் பதினைந்தாம் கல்லைக் கடந்திருந்தோம். 200 மீட்டருக்கு ஒன்றாக நட்டிருக்கும் சிறு கற்களுள் நான்காவது எதிரே இருந்தது. பதினாறாம் கல் இன்னும் வரவில்லை. வண்டியிலிருந்து இறங்கி டயர்களைப் பார்த்தோம்; வரிப்பள்ளங்கள் பெரும்பாலும் மறைந்து வழவழப்பாக இருந்தன. மறு மாதம் நான்கு டயர்களையும் மாற்றிக்கொண்டு அதே சாலைக்குச் சென்றோம். இம்முறை பத்தாவது மைல், பதினாறாம் கல்லைத் தாண்டிச் சிறிது தொலைவில் வந்து விழுந்தது.